தக்காளி என்ன விலை?

மகன் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே தக்காளிப் பையைப் பிடித்துக்கொண்டு, அதில் ஒட்டியிருந்த விலைச்சீட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். பால் டப்பா, முட்டை அட்டை, ஆப்பிள் பை எல்லாம் ஏற்கெனவே மொட்டையாகி வரிசையில் நின்றன.

வாசலில் அப்பா நிற்பதைப் பார்த்ததும் திடுக்கிட்டான். கடை ரசீதைக் கசக்கிப் பாக்கெட்டுக்குள் திணித்தான்.

“என்னடா பண்ற?”

“ஒண்ணுமில்லப்பா. விலையப் பாத்தா நீங்க சாப்பிட மாட்டீங்க. அதான்.”

அப்பா முப்பத்து நாலு வருஷம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று எவன் சொன்னானோ, அவனைக் கூட்டிவந்து இந்தச் சமையலறையில் நிறுத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் அவர் வந்திருப்பதோ பணம் கேட்க. ஊரில் மனைவிக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துபோய், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். ஆபரேஷனுக்கு மூன்று லட்சம் ஆகும்.

போனில் கேட்கலாமென்றால், இவர் வாயைத் திறக்கும் முன்பே மகன் விலைவாசியை ஆரம்பித்துவிடுவான். “தக்காளி கிலோ நம்மூர் காசுக்குத் தொள்ளாயிரம்ப்பா. முடி வெட்ட ரெண்டாயிரம். கைக்கும் வாய்க்குமே சரியா இருக்கு.” நாலு வருஷமாக இதே பல்லவிதான்.

“நேர்ல போய்க் கேளுங்க, உங்க முகத்தப் பாத்தா குடுப்பான்” என்று மனைவிதான் துரத்தினாள். விமான டிக்கெட்டை மகளும் மருமகனும் எடுத்துக் கொடுத்தார்கள்.

வந்து பத்து நாளாயிற்று, கேட்க வாய் வரவில்லை. தொள்ளாயிரம் ரூபாய்த் தக்காளியை அல்லவா குழம்பில் போட்டு ஊற்றுகிறார்கள் என்று ஒவ்வொரு வேளையும் கூசிக் கூசிச் சாப்பிட்டார். மருமகள் மறுசோறு போட வந்தால் கையால் தட்டை மறைத்துக்கொண்டார்.

இன்று இந்தச் சுரண்டலையும் பார்த்த பிறகு ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். அறைக்குள் போய் மனைவிக்குப் போன் போட்டார்.

“அவனே பாவம், அல்லாடிட்டிருக்கான். நான் கேக்கப் போறதில்ல. கொஞ்ச நாள் தைலத்தையே போட்டுக்க.”

“சரிங்க. பிள்ளையக் கஷ்டப்படுத்தாதீங்க” என்றாள் அவள்.

மதியம் புதுத் தக்காளியைக் கூடையில் கொட்டும்போது, மருமகள் பழையதில் ஐந்தாறை எடுத்து அப்படியே குப்பையில் போட்டாள்.

“ஐயோ, என்னம்மா இது!”

“லேசா கொழகொழன்னு ஆயிடுச்சு மாமா.”

“யானை விலை குதிரை விலை விக்கிறத இப்படியா...”

மருமகள் கணவனைப் பார்த்தாள். அவன் டிவி சத்தத்தைக் கூட்டினான்.

சின்னப் பெண், காசின் அருமை தெரியவில்லை என்று கண்டக்டர் விட்டுவிட்டார். அவள் நகர்ந்ததும் குப்பைக்குள் கையை விட்டு நான்கை மீட்டெடுத்துக் கழுவி வைத்தார். யாராவது பார்த்துவிட்டார்களோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தபோது அவருக்கே அவமானமாக இருந்தது.

மறுநாள் இருவரும் வேலைக்குப் போனதும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். தனியா எங்கேயும் போகாதீங்க, முக்கியமா கடைப்பக்கம் போகவே போகாதீங்க, வழி தப்பிடும் என்று மகன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். கடை என்னவோ எதிர்த் தெருவில்தான் இருந்தது, ஜன்னலிலிருந்தே தெரிந்தது.

பத்து நாள் உட்கார்ந்து தின்றாயிற்று. மானம் என்று ஒன்று இருக்கிறதே! ஒரு கிலோ தக்காளியாவது தன் காசில் வாங்கி வைக்க வேண்டும்.

விமான நிலையத்தில் ஐயாயிரம் ரூபாயைக் கொடுத்து மாற்றியபோது இந்த ஊர்க் காசில் ஒற்றை நோட்டு ஒன்று தந்திருந்தார்கள். அதை நீட்டினார். கல்லாவில் இருந்த பெண் தக்காளியை நிறுத்து, சீட்டு ஒட்டி, ஒரு கற்றை நோட்டும் கைநிறையச் சில்லறையும் திருப்பித் தந்தாள்.

நோட்டுகளின் எண்களைப் பார்த்து, மனசுக்குள் ரூபாயாக மாற்றி, கண்டக்டர் இரண்டு முறை எண்ணினார். எண்ணூறு ரூபாய்க்கு மேல் கூடுதலாக இருந்தது. “அடக் கடவுளே, இந்தப் பொண்ணு சம்பளத்துல பிடிச்சிடுவாங்களே” என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்.

“தமிழாங்கையா நீங்க?” என்று அவள் முகம் மலர்ந்தாள்.

“ஆமாம்மா. மீதி தப்பா குடுத்துட்ட, எண்ணிப் பாரு. கண்டக்டர் வேலை பாத்தவன் நான். சில்லறைல அடுத்தவங்க காச வச்சுக்க மாட்டேன்.”

“சரியாத்தானே இருக்கு?”

“எப்படிம்மா? கிலோ நம்மூர் காசுக்குத் தொள்ளாயிரம் ஆச்சே!”

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பையில் ஒட்டிய சீட்டை விரலால் தட்டிக் காட்டினாள். “தொண்ணூறுங்கையா! அரிசி, பால், முட்டை எல்லாமே இங்க நம்மூர் விலைதான். இல்லன்னா கல்லாவுல உக்காந்துக்கிட்டு மாசாமாசம் எங்கம்மாவுக்கு என்னால அனுப்ப முடியுமா?”

கண்டக்டர் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். விலைச்சீட்டைச் சுரண்டிய மகனின் நகம் கண்முன் வந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் அவரையே பார்த்தார்கள். அவருக்கு முகமெல்லாம் எரிந்தது, சில்லறையை அவசரமாகப் பைக்குள் போட்டார்.

“உங்ககிட்ட யாருங்கையா இப்படிப் புளுகினது?”

மகன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

“தெரிஞ்சவர் ஒருத்தர்மா.”