நான்காவது ஜோடி

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சதுரங்கப்பட்டினத்துத் துர்காதேவி அந்த இனமல்ல. எது பிசகினாலும் தன் கையைத்தான் குறைசொல்லிக்கொள்வாள்.

வீட்டிலிருந்தபடியே கம்பியில் மணி கோத்துக் காது வளையம் செய்து தந்தால் கூலி உண்டு என்று பொத்தேரி மாடிக் கடைக்காரர் ஆசை காட்டியிருந்தார். கணவனுக்குத் தெரியாமல் கம்மலை அடகு வைத்து முன்பணம் கட்டினாள். நான்கு வாய்ப்புகளில் ஒரு ஜோடியாவது தேற வேண்டும். தேறாவிட்டால் முன்பணமும் போய்விடும், கம்மலும் மீளாது. மூன்று ஜோடிகள் ஏற்கெனவே கழிந்துவிட்டன.

கடைக்காரர் நான்காவது ஜோடியை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? வளையம் முட்டையாட்டம் கீது. மணியெல்லாம் ஒண்ணுக்கொண்ணு முட்டிக்கினு நிக்குது."

"இன்னொரு தபா நல்லா பாருங்க அண்ணாத்த."

"பாத்தாச்சு. உன் கைக்கு இது வராது. வூட்ல தோச சுடு, போ."

அவளுடைய முன்பண ரசீதை வாங்கி இரண்டாகக் கிழித்தார்.

துர்காதேவி படியிறங்கி வந்தாள். அவள் சொன்னதை நம்பி நேற்றுத்தான் தானும் முன்பணம் கட்டியிருந்த பக்கத்து வீட்டு ஜோதிலட்சுமி கீழே காத்திருந்தாள்.

"இன்னாக்கா, இதையும் தள்ளிட்டானா? ராவும் பகலும் குந்திக்கினு பின்னினியே!"

துர்காதேவி திரும்பக் கொண்டுவந்த ஜோடியை அவளிடம் நீட்டினாள்.

"இத நான் பின்னலடி ஜோதி. இதப் பாத்துச் செய்யின்னு மொத நாளு அவனே குடுத்த சாம்பிள்."