கட்டத்துக்குள் ஒரு கோடு

மேல்முறையீட்டு அறையில் மின்விசிறி கடகடக்கிறது. கண்ணிவெடியில் இடுப்பு நொறுங்கிய முன்னாள் சிப்பாயின் முன்னால் பழைய மருத்துவப் படிவம் கிடக்கிறது. ‘விறைப்புக் குறைபாடு உண்டா?’ என்ற கட்டத்தில் உண்டு என்றும் எழுதாமல் இல்லை என்றும் எழுதாமல் ஒரு கோடு. அந்தக் கோட்டைக் காட்டியே இரண்டு முறை அவருக்கு இழப்பீடு இல்லை என்று தள்ளிவிட்டார்கள். “ஏன் கோடு போட்டீங்க?” என்கிறார் விசாரணை அதிகாரியம்மா. தட்டச்சரின் விரல்கள் அந்தரத்தில் நிற்கின்றன. பக்கத்தில் மனைவி கைப்பையின் வாரை முறுக்குகிறாள். அவர் கைத்தடியை ஊன்றி எழுகிறார். அணிவகுப்பில் பெயர் கூப்பிட்டதுபோல் நெஞ்சு நிமிர்கிறது. “கூட இருந்த பசங்க பின்னாடி வரிசையில நின்னாங்க மேடம். வெக்கமாப் போச்சு. வெடிச்ச நாள்லேருந்து எனக்கு எழும்புறதே இல்ல. பதினோரு வருஷமாச்சு.” குரல் திறந்த கதவைத் தாண்டி வராந்தா வரைக்கும் போகிறது. “அப்பாடா” என்கிறாள் மனைவி, பதினோரு வருஷத்துக்கும் சேர்த்து.

“இந்தத் தடவை உங்களப் பார்த்த டாக்டரும் அதத்தான் எழுதியிருக்காரு. காயத்தால வந்ததுதான். மேல்முறையீட்ட ஏத்துக்கிறேன்.” முத்திரை தொப்பென்று விழுகிறது.

மனைவியின் கையைப் பிடித்தபடியே வெளியே வருகிறார். பெஞ்சில் ஊன்றுகோல்களோடு காத்திருப்பவர்கள் பேச்சை நிறுத்துகிறார்கள். யாராவது சிரிக்கட்டும் என்று அவரும் நின்று பார்க்கிறார். யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் இருப்பவன் மடியில் கிடக்கும் படிவத்திலிருந்து தலை தூக்குகிறான்.

“அண்ணே, பேனா இருக்கா? நானும் கோடுதான் போட்டிருக்கேன்.”