நுரைக்காத ஈஸ்ட்

“ஈஸ்ட் நுரைச்சுதா?” படுக்கையிலிருந்து சிக்னே கேட்டாள்.

“இல்ல. இதுவும் செத்துடுச்சு,” என்றார் அவள் கணவர் ஹால்வர்.

“மூணாவது தடவை! முப்பது வருஷமா வீட்டுல பீர் காய்ச்சுற ஆளா நீங்க?”

“ஈஸ்ட் பழசு.”

“கடைசி ஜாடி ஈஸ்டையாவது ஒழுங்காப் போடுங்க. பார்லிச் சாறு வெதுவெதுன்னு இருக்கணும், சுட்டா செத்துடும். பீர் நல்லா ஸ்ட்ராங்கா வேணும். அக்கரையிலேருந்தெல்லாம் ஆள் வரும்.”

“கடையில வாங்கிக்கலாமே.”

“கடை பீரா? என் சாவு விருந்துக்கா? ஊரே சிரிக்கும். நம்ம பீர் தயாராகாம நான் போகமாட்டேன், சொல்லிட்டேன்.”

ஹால்வர் சமையலறைக்குப் போனார். அடுப்பில் பார்லிச் சாறு கொதித்துக்கொண்டிருந்தது. அது ஆறும்வரை அவர் காத்திருக்கவில்லை. கடைசி ஜாடியையும் அதில் கவிழ்த்தார்.