முதல் கையெழுத்து

“அம்மாவுக்கு வழி விடுங்கப்பா!”

சிதம்பரத்தில் அந்தக் கல்யாண மண்டபம் முழுக்கக் கறுப்பு டி-ஷர்ட் போட்ட கல்லூரிப் பிள்ளைகள். தேம்பி அழுதபடி உள்ளே வந்த லோகநாயகியைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் முன்வரிசையில் உட்கார வைத்தாள் ஒரு பெண். மேடையில் மாலை போட்ட பெரிய படத்தில் கிதாரும் கையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தான் செம்பியன்.

“நான் அவனோட அம்மா இல்லம்மா. கடலூர்ல அதே தெரு, அவ்ளோதான்” என்றாள் லோகநாயகி.

“பரவால்ல ஆன்ட்டி. இவ்ளோ அழுவுறீங்களே, நீங்களும் ‘உப்பங்கழி’ பேண்ட் ஃபேனா?” அந்தப் பெண்ணுக்கும் கண் சிவந்திருந்தது. “என் பேரு வெண்மதி. போன வருசம் ஆறு அரியர். ஹாஸ்டல விட்டே ஓடிடலாம்னு பைய எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டாண்டுல வந்து உக்காந்துட்டேன். செம்பியன் அண்ணன் பாட்ட நாலு வாட்டி கேட்டேன். எந்திரிச்சுத் திரும்பி வந்துட்டேன்.”

லோகநாயகியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஐந்து வருடத்துக்கு முன்னால், தெருக்கோடியில் இருந்த ஒரு ஷட்டர் அறையில்தான் செம்பியனும் மூன்று நண்பர்களும் வாசித்துப் பழகினார்கள். சாயங்காலம் ஆறு மணி ஆனால் டிரம்ஸ் இடிக்கும், ஜன்னல் கண்ணாடி அதிரும். லோகநாயகியின் கணவர் சிங்காரம் பக்கவாதம் வந்து, பேச்சும் போய், படுத்த படுக்கையாகக் கிடந்த நேரம் அது.

செம்பியனின் அம்மா கொளஞ்சியம்மாளே குழாயடியில் புலம்புவாள். “சிப்காட்ல வேலைக்குக் கூப்புடுறாங்கக்கா. போவ மாட்டேன்றான். அப்பன் இல்லாத புள்ள, இந்தக் கிதாரக் கட்டிக்கினு எத்தினி நாளைக்கு ஓடும்?”

பெற்றவளுக்கே பிடிக்கவில்லை என்பதில் லோகநாயகிக்குத் துணிச்சல் வந்தது. காவல் நிலையத்துக்கு ஒரு மனு எழுதினாள். முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டு, எதிர்வீட்டுச் சுப்பிரமணியனிடம் கொடுத்தாள். அவர் தெருவில் இன்னும் சிலரிடம் வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தார். இரண்டாம் நாள் ஷட்டருக்குப் பூட்டு விழுந்தது.

அதற்குப் பிறகுதான் லோகநாயகி கவனித்தாள். சாயங்கால நேரத்தில் கட்டில் சட்டத்தில் தட்டிக்கொண்டே இருந்த கணவரின் வலதுகை விரல், இப்போது அசையவே இல்லை. மருந்து வேலை செய்கிறது என்று அதுவரை அவள் நினைத்திருந்தாள். மனிதர் தாளம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

பிள்ளைகள் சிதம்பரத்தில் ஓர் அறை பிடித்தார்கள். செம்பியன் தினமும் கடலூரிலிருந்து பைக்கில் போய் வந்தான். பாட்டு பரவி, வெளியூர் மேடைகள் வந்தன. லோகநாயகி அவன் பாட்டுகளை போனில் தேடி எடுத்துக் கணவரின் காதோரம் வைப்பாள். விரல் மெல்ல அசைய ஆரம்பிக்கும்.

போன மாதம் ஆலப்பாக்கம் தாண்டி, அதே சாலையில், ஒரு லாரி. செம்பியனுக்கு இருபத்தேழு வயது.

கணவரிடம் இன்னும் அதைச் சொல்லவில்லை. நாலு வீடு தள்ளி இருக்கும் கொளஞ்சியம்மாளிடம் போய்த் துக்கம் கேட்கவும் முப்பது நாளாகக் கால் வரவில்லை. இன்று பஸ் ஏறி இவ்வளவு தூரம் வந்ததே அவளிடம் சொல்லிவிடத்தான்.

“அவனோட அம்மா வரலியாம்மா?”

வெண்மதி பின்பக்கம் கை காட்டினாள். “கடைசி வரிசையில இருக்காங்க. முன்னாடி வாங்கன்னு எவ்ளோ கூப்புட்டோம், மாட்டேன்னுட்டாங்க.”

தூண் ஓரமாக, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஒடுங்கிப்போய் உட்கார்ந்திருந்தாள் கொளஞ்சியம்மாள். லோகநாயகி பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தாள்.

“கொளஞ்சி, இத ஒங்கிட்ட சொல்லலன்னா என் கட்ட வேவாது. ஷட்டர் ரூம மூடச் சொல்லி மனு குடுத்தாங்களே... அத எழுதுனது நாந்தான். மொதக் கையெழுத்தும் என்னுதுதான்.”

கொளஞ்சியம்மாள் மேடையில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அது மட்டும் இல்லன்னா ஒம் புள்ள அந்த ரோட்டுலயே போயிருக்க மாட்டான். நம்ம தெருவுலயே வாசிச்சிக்கினு உசுரோட இருந்திருப்பான். நாலு அடி அடிச்சிடு கொளஞ்சி. காறித் துப்பு. வாங்கிக்கிறேன்.”

மேடையில் மீதி மூன்று பேரும் வாசிக்கத் தொடங்கினார்கள். பாடுகிற இடத்தில் மைக் மட்டும் நின்றது. கூட்டமே அவனுக்காகப் பாடியது, மண்டபம் அதிர்ந்தது. லோகநாயகி தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தாள்.

பாட்டு முடிந்தது. கொளஞ்சியம்மாள் தன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

“எனக்குத் தெரியும்க்கா. சுப்பிரமணியன் ஒங்க பேரப் படிச்சுக் காட்டுனாரு.”

“தெரிஞ்சுமா ஒரு வார்த்த கேக்காம இருந்த?”

“எப்புடிக்கா கேப்பன்? ஒங்க கையெழுத்துக்குக் கீழ இருந்த கைநாட்டு என்னுது.”