உறையாத துறைமுகத்தில் ஒரு பதில்

உறைந்த கடலை உடைத்து வழிகாட்டும் பனியுடைப்புக் கப்பல் ஊதினால், பின்தொடரும் கப்பல் அதே ஊதலால் பதில் தரவேண்டும். அந்தப் பதில் வராமற்போன ஒரு பனிமூட்டத்தில்தான் கேப்டன் ரோமன் எகோரிச்சின் பனியுடைப்புக் கப்பலைப் பின்தொடர்ந்த, அவர் தம்பி சென்ற சரக்குக் கப்பல் மறைந்தது.

இன்று மூர்மன்ஸ்க் துறைமுகத்தில் அந்தப் பனியுடைப்புக் கப்பலுக்குப் பணி ஓய்வு. எஞ்சினை நிறுத்துமுன், ரோமன் கடைசியாக ஒருமுறை ஊதினார். வெறுங்கடலிலிருந்து பதில் வந்தது.

"எதிரொலிங்க, ரோமன் எகோரிச். மலைகூட நம்ம கிழட்டுக் கப்பலை வழியனுப்புது," என்றாள் துணைக் கேப்டன் லரீசா.

"எதிரொலிக்குச் சளி பிடிக்குமா, லரீசா? என் தம்பியோட கப்பல்தான் இப்படிக் கரகரக்கும்."

"கரையில எல்லாரும் காத்திருக்காங்க. நிறுத்திடலாம்."

"நிறுத்திட்டா அவனுக்கு யார் வழி காட்டுவா? வந்து சேரட்டும்."

மறுபடி ஊதினார். பதில் அருகில் கேட்டது. அதன் பிறகே எஞ்சினை நிறுத்தினார்.

குளிர்காலத்திலும் உறையாத அத்துறைமுகத்தில், கப்பலின் பின்புறத்தே பனிக்கட்டி நொறுங்கும் ஓசை மெல்ல நெருங்கி வந்து நின்றது.