பிரித்த பெட்டிக்குப் பதினைந்து சதவீதம்

"பெட்டியைப் பிரிச்சதுக்குப் பதினஞ்சு பர்சன்ட்டா? அப்ப திரும்ப மூடினதுக்கு எவ்வளவுய்யா?"

மீசைக்காரர் போட்ட சத்தத்தில் ஷோரூமே திரும்பிப் பார்த்தது. கையில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி, கழுத்தில் புடைத்த நரம்பு. வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கவுன்ட்டரில் அவருக்குப் பின்னால் ஒன்பது பேர் ஆளுக்கொரு பெட்டியோடு நின்றார்கள்.

மேனேஜர் அசரவில்லை. "சார், பிரிச்ச பெட்டியைப் புதுசுன்னு விக்க முடியுமா? செக் பண்ணணும், மறுபடி பேக் பண்ணணும், விலையைக் குறைச்சுத் தள்ளணும். அதுக்குத்தான் ரீஸ்டாக்கிங் சார்ஜ்." பேசும்போது ஒரு புன்னகை வேறு. பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

மற்ற எல்லாரிடமும் முதலில் பில்லைக் கேட்கிற மனிதர், மீசைக்காரரிடம் மட்டும் கேட்கவில்லை. அந்தக் கூச்சலில் யாருக்குத்தான் பில் ஞாபகம் வரும்?

"செருப்புக் கடையில போட்டுப் பார்த்தா காசு கேக்குறானா?"

"கடைக்குள்ள போட்டுப் பார்த்தா கேக்க மாட்டான் சார். ரெண்டு நாள் ஊரெல்லாம் சுத்திட்டு வந்து கழட்டிக் குடுத்தா, அதாலேயே அடிப்பான்!"

மீசைக்காரர் கையிலிருந்த பெட்டியைக் கவுன்ட்டரில் இறக்கி வைத்தார். வரிசையின் கடைசியில் இருந்த கணவனும் மனைவியும், "இந்தாளுக்கே இந்தக் கதின்னா, நாமெல்லாம் எம்மாத்திரம்?" என்று மிக்சி பெட்டியோடு நழுவினார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் கிளம்பினார்கள்.

"சரி, என்னத்தையோ புடிச்சுத் தொலைங்க" என்றார் மீசைக்காரர், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

"அண்ணே, நீங்களே விட்டுட்டா எப்படிண்ணே?"

அடுத்து நின்ற பெண் கேட்டாள். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவள். மகளுக்கு வாங்கிய லேப்டாப் பெட்டியை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

"காலேஜ்லயே லேப்டாப் குடுத்துட்டாங்கண்ணே. இந்தப் பணம் முழுசா வந்தாத்தான் மெக்கானிக் என் வேனை விடுவார். வேன் இல்லாட்டி நாளைக்கு நான் சும்மா உக்கார வேண்டியதுதான்."

மீசைக்காரர் அவளைப் பார்த்தார். அவள் பெட்டியைப் பார்த்தார். பாவமாக இருந்தது அவருக்கு.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "சார், உங்க விஷயம் முடிஞ்சுது. கிளம்புங்க."

"முடியலைய்யா!" கவுன்ட்டரில் ஓங்கி ஒரு அறை. "விலையைக் குறைச்சா விக்கிறீங்க? பின்னாடி குடோன்ல புது டேப்பை ஒட்டி, அதே பெட்டியை அதே விலைக்குத்தானே திரும்ப ரேக்ல ஏத்துறீங்க? தங்கச்சி, உன் பெட்டியில ஒட்டியிருக்கிற டேப்பைக் கொஞ்சம் சுரண்டிப் பாரும்மா!"

அவள் வீட்டுச் சாவியால் சுரண்டினாள். அவள் பிரித்த டேப்புக்கு அடியில், எவனோ முன்பே கிழித்த இன்னொரு டேப்.

"அடப்பாவிங்களா, ரெண்டு இருக்கு!"

"எனக்கு மூணுய்யா!" என்று அலறினார் பின்னால் நின்ற வழுக்கைத் தலைக்காரர்.

அவ்வளவுதான். கடை இரண்டு பட்டது. நாலைந்து பேர் போனைத் தூக்கி வீடியோ எடுக்க ஆரம்பித்தார்கள். மேனேஜரின் புன்னகை போன இடம் தெரியவில்லை.

"இன்னிக்கு... யாருக்கும் சார்ஜ் கிடையாது" என்றார், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல்.

வேன்காரப் பெண் பணத்தை இரண்டு தடவை எண்ணினாள். "நீங்க நல்லா இருக்கணும்ண்ணே" என்று கையெடுத்துக் கும்பிட்டு, மெக்கானிக் கடைக்கு ஓடினாள். மீதி இருந்தவர்கள் மீசைக்காரரின் முதுகில் தட்டினார்கள், கையைக் குலுக்கினார்கள். மனிதர் கூச்சத்தில் நெளிந்தார்.

கால் மணி நேரம் கழித்து, குடோனுக்குள் வந்த மேனேஜர் கதவை அறைந்து சாத்தினார். உள்ளே மீசைக்காரர் அந்த ஸ்பீக்கர் பெட்டியின் மேலேயே உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

மேனேஜருக்குக் கோபத்தில் வாய் குழறியது.

"தினம் தினம் எங்கிட்ட சண்டை போட்டுத் தோத்துப் போறதுக்குத்தானேய்யா உனக்குச் சம்பளம்!"