சுத்தமான மண்

"சுற்றுச்சூழல் பொறுப்புன்னா என்னன்னு இந்தக் கம்பெனிக்குக் கத்துக்கொடுத்ததே சார்தான்!"

ஓய்வு பெறுகிறவரை மேடையில் புகழ்ந்த முதலாளி, கம்பெனியே கட்டிய குடியிருப்பில் ஒரு வீட்டுச் சாவியைப் பரிசாகக் கொடுத்தார்.

திரும்பும்போது, காரில் மனைவிக்குக் கால் தரையில் பாவவில்லை.

"தோட்டம், கிணறு எல்லாம் இருக்காம்!"

"அங்கே போக வேண்டாம். எவன் தலையிலயாவது கட்டிடலாம்."

"ஏங்க?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "கீழே முழுக்கக் கம்பெனியோட விஷக் கழிவு. புல்லைப் போட்டு மூடினதே நான்தான்."

மனைவியின் முகம் வெளிறியது.

"பாவி மனுஷா! நம்ம பொண்ணு வாயும் வயிறுமா அங்கே குடிபோய் ஒரு மாசமாச்சு. இன்னிக்குத்தான் உங்ககிட்ட சொல்லி ஆச்சரியப்படுத்தணும்னு மறைச்சு வச்சிருந்தா."

"அவளை யாரு அங்கே வீடு வாங்கச் சொன்னது?"

"மண்ணு சுத்தம்னு சான்றிதழ்ல அப்பா கையெழுத்தே இருக்குன்னு சொல்லித்தான் வாங்கினா."